தாழ்ந்த வண்டியும் வழியில் கிடக்கும் நாயும்

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனையோ விஷயங்களை விசாரிக்கிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும், பின் ஆசனத்தில் பாட்டியும் பேரக் குழந்தைகளும் நெருக்கமில்லாமல் உட்கார முடியுமா, டிக்கியில் கலியாணச் சீர் முழுவதும் கொள்ளுமா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். வண்டியின் வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. பிறகு ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, மதுராந்தகத்தைத் தாண்டித் திண்டிவனத்தை நோக்கி வண்டி விரைந்து கொண்டிருக்கும்போது, விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில் ஏதோ கறுப்பாய்க் கிடப்பது தெரிகிறது. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி அப்போதுதான் மனத்தில் எழும். ஆனால் விடை தேடுவதற்கு அவகாசம் இராது.

ஆனபடியால் விடையை இங்கே, சாவகாசமாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஊர்களில் ஓடும் சாதாரணக் கார்களுக்கு அந்த இடைவெளி சுமார் 170 மில்லிமீட்டர். மெக்கானிக்குகள் இதைக் ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ என்பார்கள். வீட்டு அளவையில் சொன்னால் முக்கால் சாண். அதுவும் வண்டி காலியாக நிற்கும்போது எடுத்த கணக்கு. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்துவிட்டால் ஸ்பிரிங் அமுங்கி இன்னும் ஒன்றிரண்டு விரற்கடை குறைந்துவிடும்.

பக்கவாட்டில் விழுந்து கிடக்கும் தெரு நாயின் உயரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். அது சற்று முன் அடிபட்டதானால் வண்டி ஒருவேளை உரசாமல் தப்பலாம். ஒரு பகல் முழுவதும் வெயிலில் கிடந்ததானால் உள்ளே வாயு பெருகி வயிறு உப்பி நிற்கும். நேற்றைய நாய் இன்றைய நாயைவிட உயரம் என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். அதன் மேல் வண்டியை விட்டவர்களுக்கு அது வேடிக்கையாக இராது. ஆடு, பன்றி, கன்றுக்குட்டி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லாரிக்காரருக்கும் பஸ்காரருக்கும் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அவர்களுடைய சக்கரமும் பெரிது, ஆசனமும் உயரம். நாம் தரையோடு தரையாகப் போகிறவர்கள். நமது வண்டியின் அடியில்தான் எஞ்சின் எண்ணெய் நிற்கும் ‘ஆயில் சம்ப்’ இருக்கிறது. சைலன்ஸர் குழாய் இருக்கிறது. பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. மூக்கின் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது. இறந்த பிராணியின் சதை மெத்தென்றிருந்தாலும் எலும்பு மெத்தென்றிராது. சம்ப் உடைந்து எண்ணெய் வடிந்துவிட்டால் சில நிமிஷ ஓட்டத்திலேயே எஞ்சின் இறுகிப் போய்விடும்.

இனி, செய்ய வேண்டியது என்ன? முதலில் வேகத்தின் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் கண்டு, மனம் தெளிந்து, கால் பிரேக்கை அமுக்குவதற்கு ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். அதற்குள்ளே 33 மீட்டர் போய்விட்டது. பிறகு, காய்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரோடு கூட, வண்டி நிற்பதற்கு இன்னும் 40 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 73 மீட்டர். ‘டிம்’ செய்த விளக்கின் வெளிச்சமோ சுமார் 50 மீட்டர் வரையில்தான் பயன்படும்படி விழுகிறது. அதாவது, நாம் நிற்க முடியாத தூரத்தில் வந்த பிறகுதான் வழியில் கிடப்பது நமக்குத் தெரியவே தெரிகிறது! 60 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 48 மீட்டரில் முடிந்துவிடுகிறது. எதிரே வண்டி இல்லாதபோது விளக்கை உயர்த்திக் கொள்வதும், உயர்த்த முடியாதபோது வேகத்தைத் தாழ்த்திக் கொள்வதும் இதனால்தான் அவசியம். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் இதையும்விட மெதுவாகப் போக வேண்டும்.

இரண்டாவது, சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. வழியில் கிடப்பதைக் கண்டதும் கை தானாக ஒரு பக்கம் திரும்பும். அது மனித சுபாவம். ஆனால் வலப் பக்கத்தில் அரளிச் செடி வைத்த நடுத் திட்டு இருக்கிறது. இடப் பக்கத்தில், பின் விளக்கு எரியாத மொபெட்டில், சந்தையிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய்க் கொண்டிருக்கலாம். செத்த நாயைக் காப்பாற்றுவதற்காக உயிருள்ள மனிதர் மேல் போய் மோதுவது எந்தத் தர்மத்திலும் சேர்ந்ததல்ல. கண்ணாடியில் பின்னால் பார்த்து, பக்கத்துத் தடம் காலியாக இருந்தால் நிதானமாக ஒதுங்கலாம். இல்லாவிட்டால் நேராகவே போய், நேராகவே பிரேக் போட வேண்டும்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாதது. பிரேக்கை அழுத்தும்போது வண்டி மூக்கைத் தாழ்த்துகிறது. நமக்கு இருப்பதே முக்கால் சாண். அதிலும் முன்பக்கம் மேலும் தாழ்ந்துவிடுகிறது. கடைசி வரையில் பிரேக்கை அழுத்திக் கொண்டே போனால், உயரம் மிகக் குறைவாக இருக்கும் சமயம் பார்த்து நாமே மோதுகிறோம். நிற்பதற்கு இடம் போதாது என்று தெரிந்தால், இயன்ற மட்டும் வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் வருவதற்குச் சற்று முன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மூக்கு நிமிர்ந்து கொள்ளும். கிடப்பது கீரிப்பிள்ளை, அணில், பூனைக்குட்டி போன்ற சிறு பிராணியானால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வரும்படி விட்டு, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக் கொண்டு தாண்டிவிடலாம். முக்கால் சாணுக்கு மேல் இருக்கும் என்று சந்தேகம் தோன்றும் எதற்கும், இடமிருந்தால் நிற்பதே வழி.

ஏதாவது அடியில் இடித்திருந்தால், “ஒன்றுமில்லை, ஓட்டு” என்று சமாதானம் செய்து கொள்ளக் கூடாது. அடுத்த சுங்கச் சாவடியிலோ பெட்ரோல் பங்கிலோ, வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்தி, டார்ச்சு அடித்து அடியில் பார்க்க வேண்டும். எண்ணெயோ தண்ணீரோ சொட்டுகிறதா? ஏதாவது தொங்குகிறதா? எண்ணெய்க் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மின்சாரக் கார்களுக்குப் பெரும்பாலும் தரைத் தகட்டின் கீழேதான் பாட்டரிப் பெட்டி இருக்கிறது. அதில் நசுங்கல் கண்டால், மறுபடி சார்ஜ் போடுவதற்கு முன்னால் பட்டறையில் காட்டிவிடுவது உசிதம். சைலன்ஸரில் ஒட்டிக் கொண்ட சதை கருகி நாற்றமடிக்கும். சர்வீஸ் செய்யும் இடத்தில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். வெறுங் கையால் தொட வேண்டாம்.

இவ்வளவும் நமது வண்டியைப் பற்றிய விஷயம். இதோடு முடித்துவிட்டால் பாதி விஷயத்தைத்தான் சொன்னவர்களாவோம்.

நாம் சாமர்த்தியமாக ஒதுங்கி வந்துவிட்டோம். நமது ரேடியேட்டரும் பிழைத்தது. வழியில் கிடந்ததோ அங்கேயே கிடக்கிறது. நமக்குப் பின்னால் அரைமணி நேரம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் மனைவி. நடுவில் தூங்கி வழியும் குழந்தை. அந்த வண்டிக்கு இருப்பவை இரண்டே சக்கரங்கள், விளக்கும் ஒன்றுதான். நமக்குச் சேதம் என்றால் பட்டறைச் செலவு. அவர்களுக்கு அதே நாய் உயிர்ச் சேதம்.

மேலும், ஒரு பிராணி இறந்து கிடந்தால் அதோடு நிற்பதில்லை. பொழுது விடிந்ததும் காக்கைகள் வருகின்றன, பருந்து வருகிறது, பக்கத்துக் கிராமத்து நாய்கள் வருகின்றன. இழுத்துத் தின்னும் சுவாரஸ்யத்தில் அவை வண்டி வருவதைக் கவனிப்பதில்லை. ஒன்று கிடந்த இடத்தில் மறுநாள் இரண்டு கிடப்பது இப்படித்தான். முன் காலத்தில் இந்த வேலையைச் செய்து கொண்டிருந்தவை கழுகு வகையைச் சேர்ந்த பிணந்தின்னிப் பறவைகள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, மாடு இறந்த பின் அதைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றின் இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பது நமது நாட்டில் தடை செய்யப்பட்டது. தமிழ் நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சில எஞ்சியிருக்கின்றன. திண்டிவனம் சாலைக்கு அவை வரப் போவதில்லை.

ஆகையால் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். அதற்காக நள்ளிரவில் நாற்கரச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் நாயை இழுக்கச் சொல்லவில்லை. அது தற்கொலைக்குச் சமானம். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் சொல்லலாம். ஓட்டுகிறவர் பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பேச வேண்டும். எந்தப் பக்கம் போகும் தடம், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகில் என்ற இரண்டையும் சொன்னால் போதும். “திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னாலே” என்றால் பாவம், வருகிறவர்கள் எங்கே தேடுவார்கள்? கல்லின் எண்ணைக் கவனிக்கும் வேலையைப் பின் ஆசனத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

பகலில், வண்டிப் போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலையில், நாமே அப்புறப்படுத்துவது சாத்தியந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தி, நான்கு மூலை விளக்குகளையும் மின்ன விட்டு, சிவப்பு முக்கோணப் பலகையைச் சுமார் 50 மீட்டர் பின்னால் வைத்துவிட வேண்டும். ஒருவர் வருகிற வண்டிகளைப் பார்த்து எச்சரிக்க, மற்றொருவர் கையுறை அணிந்தோ பழைய சாக்கினால் பற்றியோ, பின்னங் கால்களைப் பிடித்துச் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி இழுத்துப் போடலாம். வாய்ப் பக்கம் கை போகக் கூடாது; வெறி நோய் எச்சிலில் இருக்கிறது. பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பாம்பானால் கையே வேண்டாம். நீளமான கழியினால் தள்ளுங்கள். செத்த பாம்பின் தலை சிறிது நேரம் வரையில் கடிக்கக் கூடியது.

கிட்டப் போய்ப் பார்த்தால் சில சமயம் மூச்சு இருக்கும். அப்போது விஷயம் வேறு. 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். மிகவும் சாதுவான நாயும் வலி பொறுக்காமல் கடித்துவிடும்; முகத்தின் மேல் ஒரு துணியைப் போடாமல் தொடாதீர்கள்.

மயிலோ மானோ கிடந்தால், “பாவம், வீணாகப் போகிறதே!” என்று டிக்கியில் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இறந்து கிடக்கும் வன விலங்கு சர்க்கார் சொத்து. அது கையில் வந்தவர் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். எடுக்காமலே வனத் துறைக்குச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் மூடி வைத்திருப்பதும், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் இரவுக் கட்டுப்பாடு வந்ததும் இத்தகைய சாவுகளைக் குறைப்பதற்குத்தான். அந்த வழியாகப் போக நேர்ந்து, வாசலில் காத்திருக்கும்படி ஆனால், காவற்காரரைக் கோபித்துக் கொள்ள வேண்டாம்.

“இதெல்லாம் சர்க்கார் வேலை, சுங்கம் கொடுக்கிறோமே!” என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவந்தான். அகற்ற வேண்டியது அவர்கள் வேலை. ஆனால் கிடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தவர் சொன்னால்தானே? நூறு வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன. முன்னால் போனவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக் கொள்கிறார்கள். முன்னால் போனவரும் அப்படியேதான் நினைத்திருப்பார்.

தேர்க் காலில் கன்று மாண்ட கதையை நம் வீட்டுக் குழந்தைகள் அனைவரும் அறிவார்கள். மகனுக்குத் தண்டனை விதித்த மனுநீதிச் சோழனின் பெருமையைத்தான் நாம் பேசுகிறோம். அந்த மகனைப் பற்றியும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. கன்று தானாகத் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. இருந்தும் அவன் தேரை ஓட்டிக் கொண்டு போய்விடவில்லை. தேரிலிருந்து நிலத்தில் வீழ்ந்து துயருற்றான் என்று பெரிய புராணம் கூறுகிறது. திருவாரூர் வீதியில் கன்றைப் பார்க்காதவனைப் போல அவன் போயிருந்தால், சொல்வதற்குக் கதையே இருந்திராது.

நம்மை அவ்வளவு கடுமையான பரீட்சைக்கு யாரும் உட்படுத்தப் போவதில்லை. ஒரு டெலிபோன் பேச்சு, ஒரு கிலோமீட்டர்க் கல்லின் எண், இரண்டு நிமிஷம். பின் ஆசனத்துக் குழந்தை, “அது என்ன, அப்பா?” என்று கேட்கும்போது, “ஒன்றுமில்லை, கண்ணை மூடிக் கொள்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இனிமேல், “ஒரு நாய் இறந்து கிடக்கிறது, கண்ணே. பின்னால் வருகிறவர்கள் விழுந்துவிடாமல் இருக்கச் சொல்லிவிடுவோம், அந்தக் கல்லில் என்ன எண் என்று பார்” என்று சொல்லலாம். அடுத்த பிரயாணத்துக்குப் புறப்படும் முன்னர், ஒரு டார்ச்சையும் ஒரு ஜோடிக் கையுறையையும் பழைய சாக்கு ஒன்றையும் டிக்கியில் போட்டுக் கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். கலியாணச் சீருக்கு நடுவே அவற்றுக்கும் இடம் இருக்கும்.