சேமப்பிரதி களவா?

விலைகொடுத்து வாங்கிய பழைய வீடியோ விளையாட்டைப் படியெடுத்து ஆடுவோரைக் கள்வர் எனத் தூற்றுவது இன்று வழக்கமாகிவிட்டது. நால்வர் ஒருங்கமர்ந்து ஆடும் ‘மாரியோ பார்ட்டி’ 1998இல் பேழையாக விற்கப்பட்டது. 2022இல் நின்டென்டோ நிறுவனம் அதனை மீண்டும் வழங்கியபோது சந்தாவுக்கே வழங்கியது. சந்தா முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. 2019இல் வீ இயந்திரத்தின் இணையக் கடையையும், 2023இல் வீ யூவின் கடையையும் அந்நிறுவனமே மூடிற்று.

வாங்காததைப் பகிர்வோருக்காக நாம் வாதிடவில்லை. ஆயின், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 117ஆம் பிரிவே கணினி நிரலை உடையவருக்குச் சேமப்பிரதி எடுக்க இடமளிக்கின்றது. பேழை பழுதுறும், வட்டு கீறலுறும், பிரதியே எஞ்சும். கடையை அடைத்தவர், காத்து வைத்தவரைப் பழிப்பது எவ்வகை நீதி? பண்பாட்டுப் பொருளொன்றைப் பேணும் கடமையைக் களவென இழித்தல் தகாது.