திண்ணைக்கு அழுவோர் கவனத்திற்கு

தஞ்சை இலக்கிய அன்பர்கள் நால்வர் கூடினால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு திண்ணைக்கு வந்துவிடுகிறது. திண்ணையை இடித்துக் கம்பிக் கதவு போட்டார்கள், மனிதர்களை வேடிக்கை பார்க்கும் சுகமும் அதோடு போயிற்று என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை நாங்களும் சில காலம் விட்டவர்கள்தாம். இப்போது மறுக்க வேண்டியிருக்கிறது.

யார் பார்த்தார்கள், யாரைப் பார்த்தார்கள்? அக்கிரகாரத்துத் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு சாய்ந்திருந்தவருக்குக் குத்தகை நெல் வீடு தேடி வந்தது. அதை விளைவித்தவருக்கோ அந்தத் தெருவில் நடக்கவே உரிமையில்லை. ஆகவே திண்ணையிலிருந்து தெரிந்த ஊர், ஊரே அன்று. 1940களில் பி. சீனிவாசராவ் பண்ணையாட்களைத் திரட்டியபோது எழுந்த கோரிக்கைகளில் ஒன்று, சாட்டையடியும் சாணிப்பாலும் நிற்கவேண்டும் என்பது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மடிந்தனர். திண்ணைப் பார்வை அத்தனை கூர்மையானதென்றால் இவையெல்லாம் அதில் ஏன் படவில்லை? வெண்மணியைக் களமாகக் கொண்ட 'குருதிப்புனல்' நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்துக்காரர். ஆனால் அப்போது டில்லியில் ஆசிரியப்பணியில் இருந்தார்.

தி. ஜானகிராமனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அவரும் சிட்டியும் காவேரியைப் பார்க்க ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனார்கள். 'நடந்தாய் வாழி காவேரி' உட்கார்ந்த இடத்தில் வந்த புத்தகமன்று.

மனிதர்களைப் பார்க்க வேண்டுமா? மாலையில் பெரியகோயிலுக்குப் போங்கள். வெயில் தாழ்ந்து கருங்கல் தளம் ஆறத் தொடங்கும் நேரம். செவ்வாடை தரித்த மேல்மருவத்தூர் பக்தர்கள், இரட்டைச் சடைப் பள்ளிப் பிள்ளைகள், விமானத்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் புதுமணத் தம்பதி, ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து புளியோதரையோடு வந்திறங்கிய குடும்பம். எல்லோரும் ஒரே புல்தரையில். கோயில் எழுந்தது 1010இல். எல்லாச் சாதியாருக்கும் ஆலய நுழைவை உறுதிசெய்த சென்னை மாகாணச் சட்டம் வந்ததோ 1947இல். அந்தப் புல்லில் இன்று யாரும் யாரையும் பார்க்கலாம் என்பது சின்ன விஷயமன்று.

அடுத்தது பழைய பேருந்து நிலையம். சீர்மிகு நகரத் திட்டத்தில் இடித்துக் கட்டிவிட்டார்கள், பழைய முகம் இல்லை, பாதகமில்லை. 2021இல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றானபின், கூடையும் பையுமாக வந்து நின்று, அவசரமின்றி நாலு பேரை வேடிக்கை பார்க்கிற பெண்கள் கண்ணில் படுகிறார்கள். பழைய திண்ணைகளில் பெண்களின் இடம் கதவுக்குப் பின்னால். இது ஒன்றுக்காகவே அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையைச் சொல்லவே வேண்டாம். காதோலை, கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு, அரைகுறையாய் நனைந்த பட்டுச் சேலைகள். மேட்டூர் கைவிட்ட ஆண்டிலும் கூட்டம் வரத்தான் செய்கிறது.

இத்தனை இருந்தும் எங்கள் அன்பர்களுக்குத் திண்ணைதான் வேண்டுமாம். கடைவீதியில் வாசற்படிகளில் யாரும் அமர்ந்துவிடக் கூடாதென்று கூரிய கம்பிகளைப் பதிக்கிறார்களே, அதைப் பற்றி அவர்களில் ஒருவரும் இன்றுவரை ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை.