விறைப்பு ஊசியில் இரண்டு மருந்துகள்

பல்லைப் பிடுங்குமுன் வைத்தியர் ஏற்றும் விறைப்பு ஊசியிலே பெரும்பாலும் இரு மருந்துகள் கலந்துள்ளன என்பதை நம்மிற் பலர் அறியார். ஒன்று நரம்பை உணர்விழக்கச் செய்யும் லிக்னோகெயின். மற்றையது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்றினலீன்.

லிக்னோகெயின் தனித்து நின்றால் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். விரிந்த குழாய்வழியே மருந்தும் விரைந்து ஓடிவிடும். பத்து நிமிடத்தளவிற் பல்லின் விறைப்புக் கலையத் தொடங்கினால், பாதி பிடுங்கிய பல்லோடிருப்பவர் கதி என்னாவது? அட்றினலீன் சேர்ந்தவிடத்து மருந்து இட்ட இடத்திலேயே தங்கும். விறைப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். குருதிப் பெருக்கும் குறையும். ஜேர்மனிய வைத்தியரான ஹைன்றிக் பிறவுண் 1903ஆம் ஆண்டில் இவ்வழியைக் காட்டினார். அன்று அவர் அட்றினலீனைச் சேர்த்தது கொக்கெயினுடன்.

சேர்க்கும் அளவோ மிக அற்பம். 1:80,000 என்பது வழக்கமான விகிதங்களுள் ஒன்று. அஃதாவது ஒரு கிராம் அட்றினலீனுக்கு 80 லீற்றர் நீர்! ஆயினும் ஊசி ஏற்றியதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அச்சத்தாலும் அவ்வாறாகும், மருந்து சிறிது இரத்தக் குழாயினுட் புகுந்தாலும் ஆகும். சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

இருதய நோயாளருக்கு அட்றினலீன் அறவே கூடாதென்பார் உளர். அது முழு உண்மையன்று. விறைப்புப் போதாமல் அவர் வலியால் துடித்தால், அவருடலே அட்றினலீனைச் சுரந்து தள்ளும். ஆகவே மொத்தம் 0.04 மில்லிகிராமுக்கு மேற்படாமல், மெதுவாக ஏற்றுவதே பொதுவான முறை. வேண்டாதவிடத்து பெலிப்பிரெசின் சேர்ந்த வேறு ஊசியும் உண்டு. முன்னாளில் நோரட்றினலீனையும் சேர்த்தனர். அது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தியமையாற் கைவிடப்பட்டது.

இவ்வளவும் வைத்தியர் நம் நோயை அறிந்தாலன்றோ நடக்கும்? எம் அயலிலுள்ள முதியவர் ஒருவர் பல காலமாக இரத்த அழுத்தக் குளிகை விழுங்குபவர். பல் வைத்தியர் கேட்டபோது, "ஒரு வருத்தமுமில்லை" என்று சொல்லிவிட்டார். "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று எம்மையே வினவினார். சம்பந்தமுண்டு. பிரொப்பிரனொலோல் போன்ற குளிகை உண்போருக்கு அட்றினலீன் இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றி, நாடித்துடிப்பைத் தளர்த்தவுங் கூடும். குளிகையின் பெயர் நினைவில்லையாயின் வெற்றுச் சரையையாவது கொண்டுபோய்க் காட்டலாம். குளிகையைத் தாமாக நிறுத்திவிட்டுப் போவது அதனினும் பிழை.

தாய்மார்க்கு இன்னொன்று. பல்லில் விறைப்பு அகன்ற பின்னரும் உதட்டில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். சிறுவர் அறியாமலே உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வர். அதுவரை சோறும் சுடுதேநீரும் வேண்டாம்.