ஆஸ்கர் 2025: சின்னப் படங்களுக்கு விருது கிடைச்சாச்சு... தியேட்டர் கிடைக்குமா? வெற்றிகளும் சறுக்கல்களும் சொல்வது என்ன?

ஓட்டு போடணும்னா முதல்ல படத்தைப் பார்த்திருக்கணும். கேட்பதற்கு சாதாரண விஷயம்தான். ஆனா, உலகின் பெரிய சினிமா விருதான ஆஸ்கரில் இதை எல்லாப் பிரிவுகளுக்கும் கட்டாய விதியாக்க 97 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. ஏப்ரல் 21-ஆம் தேதி ஆஸ்கர் அகாடமி அறிவித்த புதிய விதிகளில் அதிகம் பேசப்படுவது இதுதான்.

மார்ச் 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் டால்பி தியேட்டரில் நடந்த 97-ஆவது ஆஸ்கர் விழா முடிந்து ஏழு வாரங்களில் இந்த அறிவிப்பு வந்தது. யார் வென்றார், யார் தோற்றார் என்ற பரபரப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்த இரவு எழுப்பிய ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. விருது வாங்கிய படங்களை மக்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

புதிய விதி என்ன சொல்கிறது?

ஆஸ்கரில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் சுமார் பத்தாயிரம் பேர். முதல் கட்டத்தில் நடிகர்கள் நடிகர்களையும், ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களையும் பரிந்துரைப்பார்கள். இறுதிச் சுற்றில் எல்லோரும் எல்லாப் பிரிவுக்கும் ஓட்டு போடலாம்.

சிக்கல் இங்கேதான். ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்க்காமலேயே, கேள்விப்பட்டதை வைத்தும் பிரபலத்தை வைத்தும் ஓட்டு போடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது ஹாலிவுட்டில் ஊரறிந்த ரகசியம். பெயர் சொல்ல விரும்பாத வாக்காளர்கள் சிலர் பத்திரிகைகளிடம் ஒவ்வொரு வருஷமும் இதை ஒப்புக்கொள்வது வழக்கம்.

இனி ஒரு பிரிவில் ஓட்டு போட, அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். அகாடமியின் சொந்த ஸ்ட்ரீமிங் தளத்தில் பார்த்தால் அதுவே பதிவாகிவிடும். தியேட்டரிலோ திரைப்பட விழாவிலோ பார்த்திருந்தால் எங்கே, எப்போது பார்த்தோம் என்று படிவம் நிரப்ப வேண்டும். பொய் சொன்னால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி இருந்தாலும், பெரிய விளம்பரம் இல்லாத படங்களுக்கு இது ஒரு ஆறுதல்தான்.

அந்த இரவின் உச்சம் யாருக்கு?

சந்தேகமே இல்லாமல் 'அனோரா'வுக்குத்தான். ரஷ்யப் பணக்கார வீட்டுப் பையனை அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்ளும் நியூயார்க் கிளப் நடனப் பெண்ணின் கதை. 6 பரிந்துரைகளில் 5 விருதுகள். சிறந்த படம், இயக்கம், அசல் திரைக்கதை, படத்தொகுப்பு என நான்கு விருதுகளை இயக்குநர் ஷான் பேக்கர் ஒருவரே வாங்கினார். ஒரே இரவில் நான்கு ஆஸ்கர் என்பது வால்ட் டிஸ்னி 1954-இல் செய்த சாதனை. ஆனால் டிஸ்னிக்குக் கிடைத்தது நான்கு வெவ்வேறு படங்களுக்கு. ஒரே படத்துக்கு நான்கு வாங்கிய முதல் ஆள் பேக்கர்தான்.

இந்தப் படத்தின் பட்ஜெட் சுமார் 60 லட்சம் டாலர். நம்ம கணக்கில் 50 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இன்றைக்கு தமிழில் ஒரு பெரிய ஹீரோவின் சம்பளமே இதைவிட அதிகம்.

அடுத்த ஆச்சரியம் 'ஃப்ளோ'. பெருவெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையின் கதை. படத்தில் ஒரு வசனம்கூட கிடையாது. லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய 'பிளெண்டர்' மென்பொருளில் உருவாக்கிய படம். செலவு சுமார் 35 லட்சம் யூரோ. போட்டியில் இருந்ததோ, 20 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 2024-இல் உலகிலேயே அதிகம் வசூலித்த 'இன்சைட் அவுட் 2'. பூனை ஜெயித்தது. லாட்வியாவுக்கு இதுதான் முதல் ஆஸ்கர்.

பிரேசிலுக்கும் முதல் ஆஸ்கர் கிடைத்தது. ராணுவ ஆட்சிக் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்காக ஒரு மனைவி நடத்தும் போராட்டத்தைச் சொல்லும் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' சிறந்த சர்வதேசப் படமானது. 'விக்கெட்' படத்துக்காக விருது வாங்கிய பால் டேஸ்வெல், சிறந்த ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பின ஆண்.

13 பரிந்துரை, 2 விருது: 'எமிலியா பெரெஸ்' சறுக்கியது எப்படி?

பெரிய சறுக்கல் இந்தப் படத்துக்குத்தான். 13 பரிந்துரைகள். ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்றுக்கு இதுவரை கிடைத்ததிலேயே இதுதான் அதிகம். அதில் நாயகி கார்லா சோஃபியா கஸ்கோன், நடிப்புப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் திருநங்கை என்ற வரலாறும் சேர்ந்தது.

பரிந்துரைப் பட்டியல் வந்தது ஜனவரி 23-இல். ஒரு வாரத்திலேயே, முஸ்லிம்களையும், போலீஸ் பிடியில் உயிரிழந்த ஜார்ஜ் ஃபிளாய்டையும் பற்றி கஸ்கோன் முன்பு போட்ட மோசமான ட்வீட்கள் வெளியே வந்தன. மன்னிப்பு கேட்டார். படத்தை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸ் பிரசாரத்தில் அவரை ஓரங்கட்டியது. இறுதி ஓட்டெடுப்பு தொடங்கியது பிப்ரவரி 11-இல். அதாவது, சர்ச்சை சூடாக இருந்தபோதுதான் வாக்காளர்கள் கையில் ஓட்டுச்சீட்டு இருந்தது. கடைசியில் துணை நடிகை ஜோயி சல்டானாவுக்கும் ஒரு பாடலுக்கும் மட்டும் விருது.

ட்வீட் மட்டும்தான் காரணமா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. மெக்சிகோவின் போதைக் கும்பல் வன்முறையைப் பற்றிய படம், பிரெஞ்சு இயக்குநரால், பெரும்பாலும் பிரான்ஸ் ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்டது. எங்கள் வலியைப் பாட்டும் நடனமுமாக்கிவிட்டார்கள் என்ற கோபம் மெக்சிகோவில் ஏற்கெனவே இருந்தது.

இதில் ஓட்டு எண்ணும் முறையையும் கவனிக்கணும். சிறந்த படத்துக்கு மட்டும் பத்துப் படங்களையும் 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காவிட்டால், கடைசியில் இருக்கும் படம் நீக்கப்பட்டு, அதன் ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பலருக்கு ரொம்பப் பிடித்து, பலருக்கு சுத்தமாகப் பிடிக்காமல் போகும் படம் இந்த முறையில் கரை சேருவது கஷ்டம். பரவலாக 2-ஆவது, 3-ஆவது இடம் வாங்கும் படத்துக்கு இது சாதகம்.

5 நிமிடம் 40 விநாடி

'தி புரூட்டலிஸ்ட்' படத்துக்காக இரண்டாவது முறை சிறந்த நடிகர் விருது வாங்கிய ஏட்ரியன் பிராடி, 5 நிமிடம் 40 விநாடி பேசினார். ஆஸ்கர் வரலாற்றிலேயே நீளமான ஏற்புரை. நேரம் முடிந்துவிட்டது என்று இசை ஒலித்தபோது, இசையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

இதைப் பார்த்தபோது இந்திய ரசிகர்கள் பலருக்கு 2023 விழா நினைவுக்கு வந்திருக்கும். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்த யானைக்குட்டிகளைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படம் அன்று விருது வென்றது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் பேசி முடித்து, தயாரிப்பாளர் குனீத் மோங்கா மைக் அருகே வந்ததும் இசை ஒலித்துவிட்டது. அவர் பேசவே முடியவில்லை. நட்சத்திரம் கேட்டால் இசை நிற்கும், குறும்படத் தயாரிப்பாளருக்கு நிற்காது. மேடை நேரத்திலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு என்பது இதில் தெரிகிறது.

2025 விழாவை முதன்முறையாக ஹுலு ஸ்ட்ரீமிங்கிலும் நேரலை செய்தார்கள். அங்கேயும் சொதப்பல். சிறந்த நடிகை, சிறந்த படம் ஆகிய கடைசி இரண்டு விருதுகளுக்கு முன்பே சிலருக்கு ஒளிபரப்பு நின்றுபோனது. ராத்திரி முழுக்கக் காத்திருந்து, 'தி சப்ஸ்டன்ஸ்' நாயகி டெமி மூரை முந்திக்கொண்டு 25 வயது மைக்கி மேடிசன் வென்ற தருணத்தை அவர்கள் தவறவிட்டார்கள்.

விருது கையில்... படம் எங்கே?

இதெல்லாம் நாலு நாள் பேச்சு. 'நோ அதர் லேண்ட்' விவகாரம் அப்படியில்லை. இஸ்ரேல் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையின் மசாஃபர் யட்டா பகுதியில், பாலஸ்தீனர்களின் வீடுகள் இடிக்கப்படுவதைப் பதிவு செய்த ஆவணப்படம். பாலஸ்தீனர்களான பாசெல் அத்ரா, ஹம்தான் பல்லால், இஸ்ரேலியர்களான யுவால் ஆப்ரஹாம், ரேச்சல் ஸோர் ஆகிய நால்வரும் சேர்ந்து இயக்கியது.

சிறந்த ஆவணப்படம் என்று மேடையில் அறிவிக்கப்பட்ட அன்று, அமெரிக்காவில் இதை வெளியிட ஒரு விநியோகஸ்தர்கூட இல்லை. படக்குழுவே தியேட்டர்களைப் பிடித்துத் திரையிட்டுக்கொண்டிருந்தது. விருதுக்குப் பிறகாவது நிலைமை மாறியதா? மியாமி பீச் நகரில் படத்தைத் திரையிட்ட சிறிய தியேட்டரின் குத்தகையை ரத்து செய்ய அந்த நகர மேயரே தீர்மானம் கொண்டுவந்தார். மன்ற உறுப்பினர்கள் எதிர்த்ததால் பின்வாங்கினார்.

மார்ச் 24-ஆம் தேதி, விழா முடிந்து மூன்றே வாரத்தில், ஹம்தான் பல்லால் தன் சொந்த கிராமத்தில் குடியேறிகளால் தாக்கப்பட்டு, இஸ்ரேலியப் படையினரால் பிடித்துச் செல்லப்பட்டார். மறுநாள்தான் விடுதலையானார். அகாடமி வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரும் இல்லை, படத்தின் பெயரும் இல்லை. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கண்டித்த பிறகே அகாடமி மன்னிப்பு கேட்டது.

பேக்கர் மேடையில் சொன்னது என்ன?

சிறந்த இயக்குநர் விருதை வாங்கியபோது ஷான் பேக்கர் தன் படத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. தியேட்டர்களைப் பற்றிப் பேசினார். கொரோனா காலத்தில் அமெரிக்கா ஏறக்குறைய 1,000 திரைகளை இழந்தது, இழப்பு இன்னும் தொடர்கிறது என்றார். படங்களைப் பெரிய திரைக்காக எடுங்கள், விநியோகஸ்தர்களே முதலில் தியேட்டரில் வெளியிடுங்கள், பெற்றோர்களே பிள்ளைகளைத் தியேட்டருக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஐந்து வயதில் தனக்கு சினிமாவை அறிமுகப்படுத்திய அம்மாவுக்கு அன்று பிறந்தநாள் என்பதையும் சொன்னார்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. 60 லட்சம் டாலரில் எடுத்த 'அனோரா'வின் விளம்பரத்துக்கும் விருதுப் பிரசாரத்துக்கும் சேர்த்து அதன் விநியோக நிறுவனம் 1.8 கோடி டாலர் செலவழித்ததாக ஹாலிவுட் ஊடகங்கள் எழுதின. பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு. சின்னப் படம் ஜெயிக்கலாம், ஆனால் பின்னால் பணம் போட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் 'நோ அதர் லேண்ட்'டுக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவின் நிலை?

நேரடிப் போட்டியில் டெல்லியில் நடக்கும் 'அனுஜா' குறும்படம் மட்டுமே இருந்தது. அதுவும் வெல்லவில்லை. இந்தியா அதிகாரபூர்வமாக அனுப்பிய 'லாபதா லேடீஸ்' 15 படங்கள் கொண்ட முதல் பட்டியலுக்கே போகவில்லை. கான் விழாவில் கிராண்ட் பிரி வென்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' படத்தை இந்தியத் தேர்வுக் குழு அனுப்பவே இல்லை.

இன்னொன்று யோசிக்க வைப்பது. பிரிட்டன் சார்பில் போன இந்திப் படமான 'சந்தோஷ்' அந்த 15 படப் பட்டியலில் இடம்பிடித்தது. வட இந்தியாவில் ஒரு பெண் காவலரின் கதை. சாதியையும் போலீஸ் வன்முறையையும் பேசும் படம். இந்தியாவில் வெளியிட தணிக்கை வாரியம் 2025 மார்ச்சில் அனுமதி மறுத்துவிட்டது. எந்த மக்களைப் பற்றிய படமோ, அந்த மக்கள் பார்க்க முடியவில்லை.

அடுத்து என்ன?

2026 விழாவிலிருந்து நடிகர் தேர்வுக்கு என்று புதிய விருது சேர்க்கப்பட்டது. 2028-இல் நடக்கும் 100-ஆவது விழாவில் சண்டை வடிவமைப்புக்கும் விருது உண்டு. படங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி 2026 விழாவுக்கான இறுதி ஓட்டெடுப்பிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

சுமார் பத்தாயிரம் வாக்காளர்கள் எல்லாப் படங்களையும் பார்ப்பதற்கு அகாடமி வழி செய்துவிட்டது. அவர்களுக்கு ஸ்ட்ரீமிங் தளம் இருக்கிறது. டிக்கெட் வாங்கப் போகும் சாதாரண ரசிகருக்கு அப்படி எதுவும் இல்லை. 'நோ அதர் லேண்ட்' அமெரிக்க விநியோகஸ்தர் இல்லாமலும், 'சந்தோஷ்' இந்தியத் தணிக்கையைத் தாண்டாமலும் நிற்கும்வரை, சிறந்த படம் எது என்று முடிவு செய்பவர்கள் ஒரு பக்கமும், அதைப் பார்க்க முடியாதவர்கள் இன்னொரு பக்கமும்தான் இருப்பார்கள்.