தைராய்டு மாத்திரையும் கால்சியமும்

காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போட்டுக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். அவர்களில் பலர், மறந்துவிடக் கூடாதே என்று, கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் கையோடு விழுங்கிவிடுகிறார்கள். சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடும்? செய்யும். குடலில் கால்சியமும் இரும்பும் தைராக்சினைப் பிடித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சேர வேண்டிய மருந்தில் ஒரு பகுதி சேராமலே வெளியேறிவிடுகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனையில், மருந்து போதவில்லை என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு ஏறி நிற்கும். தைராக்சின் டோஸ் 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆகும், பிறகு 100. தைராக்சினுக்கும் இந்தச் சத்து மாத்திரைகளுக்கும் நடுவே 4 மணி நேரம் விட்டிருந்தால் இந்த ஏற்றமே தேவைப்பட்டிருக்காது. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மருத்துவருக்கு அரை நிமிடம் ஆகாது. ‘வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?’ என்று கேட்காமலே டோஸைக் கூட்டுவது சரியான வைத்தியம் அல்ல. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச். அளவையே குறைத்துக் காட்டிவிடும். மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு, சீட்டில்லாமல் வாங்கிய சத்து மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.