குதிரேமுக்கில் டென்ட் போடலாமா? வார இறுதி பேக்கேஜ் சொல்லாத விஷயம்

"வெள்ளி இரவு பெங்களூரு பிக்கப், சனி குதிரேமுக் டிரெக், இரவு டென்ட் ஸ்டே, கேம்ப்ஃபயர், மியூசிக், ஞாயிறு ரிட்டர்ன்." மழைக்காலம் தொடங்கினால் போதும், உங்கள் இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு போஸ்டராவது வந்து நிற்கும். பின்னணியில் பச்சைப் புல்மேடு. அதன் விளிம்பில் ஆரஞ்சு நிற டென்ட். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது அதை ஃபார்வர்ட் செய்து "யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்பார்கள். நீங்களும் கை தூக்கிவிடுவீர்கள்.

அந்தப் படத்தில்தான் சிக்கல். குதிரேமுக் ஒரு தேசியப் பூங்கா. அந்தப் புல்மேட்டில் இரவு தங்க அனுமதி கிடையாது. காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். அப்படியானால் பேக்கேஜில் வரும் 'டென்ட் ஸ்டே' எங்கே? பெரும்பாலும் அடிவாரத்தில், ஒரு ஹோம்ஸ்டேயின் பின்பக்கத்தில். அதில் தப்பு ஒன்றும் இல்லை. போஸ்டர் அதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. அதைவிட மோசம், அனுமதியே இல்லாத இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போய் டென்ட் அடிப்பது. மாட்டினால் குற்றம் உங்கள் பெயரிலும் பதிவாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972. இதன் 27-வது பிரிவு சரணாலயங்களுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழையவோ தங்கவோ கூடாது என்கிறது. பணியில் உள்ள அரசு ஊழியர்கள், உள்ளே நில உரிமை உள்ளவர்கள், பொதுச்சாலையில் கடந்துபோகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 35-வது பிரிவு இதே விதியைத் தேசியப் பூங்காக்களுக்கும் நீட்டிக்கிறது. சீட்டு எதற்கெல்லாம் தரலாம் என்று 28-வது பிரிவு பட்டியல் போடுகிறது: வனவுயிர் ஆய்வு, படம் எடுப்பது, அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவர்களோடு முறையான வேலை.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பீச்சுக்கோ பார்க்குக்கோ போகும்போது "தடை என்று எழுதியிருந்தால் மட்டும் தடை" என்ற நினைப்பில் போகிறோம். தேசியப் பூங்காவில் கதை தலைகீழ். அங்கே இயல்பு நிலையே தடைதான். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டுமே அனுமதி. பகல் நேர மலையேற்றத்துக்கு வாங்கிய சீட்டு இரவுக்குச் செல்லாது. குப்பை போடுவதும் இதே 27-வது பிரிவில் குற்றம். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதைத் தடுக்க 30-வது பிரிவு தனியாக இருக்கிறது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தின் உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாய். 2022 திருத்தத்தில் 1 லட்சமானது.

300 பேர் வந்தால் என்ன குறைந்துவிடும்?

குதிரேமுக் உச்சிப் பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்று கர்நாடக வனத்துறை வரம்பு வைத்திருக்கிறது, முன்பதிவு ஆன்லைனில். 2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதா மலையில் ரேஷன் கடை வரிசை போல ஆயிரக்கணக்கானோர் நின்ற வீடியோ பரவியது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகுதான் ஆன்லைன் முன்பதிவு இல்லாத பாதைகளை மாநில அரசு நிறுத்திவைத்தது.

பூங்காவின் பரப்பு சுமார் 600 சதுர கி.மீ. 300 பேரை அதில் பரப்பினால் 2 சதுர கி.மீ.க்கு ஒரு ஆள். "இவ்வளவு பெரிய காட்டுல இதெல்லாம் ஒரு கூட்டமா?" என்று தோன்றும். சராசரிகள் இப்படித்தான் ஏமாற்றும். அந்த 300 பேரும் 600 சதுர கி.மீ.யில் நடப்பதில்லை. முள்ளோடி கிராமத்திலிருந்து உச்சி வரை போகும் சுமார் 9 கி.மீ. ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார்கள். 9,000 மீட்டரை 300-ஆல் வகுத்தால் 30 மீட்டருக்கு ஒருவர். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்கும் தூரம். அந்தப் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டிய ஒரு கடமானுக்கு அது பகல் முழுக்க மூடாத ரயில்வே கேட்.

300 என்ற எண்ணை எப்படி முடிவு செய்தார்கள் என்று பாதைவாரியாக வனத்துறை விளக்கினால் நன்றாக இருக்கும். காரணம் தெரிந்த வரம்பை மக்கள் மதிப்பார்கள். தெரியாத வரம்பை ஏய்க்கத்தான் பார்ப்பார்கள்.

ஏன் இரவு மட்டும் இவ்வளவு முக்கியம்?

2018-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆறு கண்டங்களில், 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றி நடந்த 76 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனித நடமாட்டம் கூடும் இடங்களில் விலங்குகள் தங்கள் வேலையை இரவுக்கு மாற்றிக்கொள்கின்றன என்பது முடிவு. பகலும் இரவும் சரிபாதியாக இயங்கிய ஒரு விலங்கு, மனிதத் தொந்தரவு இருக்கும் இடத்தில் 68 சதவீதம் இரவில் இயங்கத் தொடங்கும். இதில் வேட்டைக்காரர்களுக்கும் சும்மா நடந்துபோகிறவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் என்னை உறுத்திய தகவல். நாம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்று நினைத்து நடப்பதே அவற்றுக்குத் தொந்தரவுதான்.

ஆக, பகலை ஏற்கெனவே நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டன. மிச்சம் இருப்பது இரவு. இந்தியாவின் நிலப்பரப்பில் தேசியப் பூங்காக்களின் பங்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அந்த இத்தனூண்டு இடத்தின் இரவையும் புளூடூத் ஸ்பீக்கரோடு போய்க் கேட்கிறோம்.

இன்னொரு காரணம் நெருப்பு. குதிரேமுக், முக்குருத்தி, இரவிகுளம் போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பூங்காக்களில் மேலே இருப்பது சோலையும் புல்வெளியும். ஜூலையில் பச்சைப் பசேலென்று தெரியும் அதே புல், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த வைக்கோல். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை; குரங்கணி என்றால் போதும். 2018 மார்ச்சில் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கும்போது தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் உங்கள் வயதுக்காரர்கள், வார இறுதிக்குக் கிளம்பிப் போனவர்கள். அது தேசியப் பூங்கா இல்லை. ஆனால் புல்லும் காற்றும் ஒன்றுதான். அந்த ஆண்டே தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசின் சொந்தத் திட்டம் தொடங்கியது.

"மலையையே வெட்டினார்களே, என் டென்ட்தான் பிரச்சினையா?"

நியாயமான கேள்வி. குதிரேமுக்கில் இரும்புத்தாதுச் சுரங்கக் குத்தகை கையெழுத்தானது 1969-ல். 1987-ல் தேசியப் பூங்கா ஆன பிறகும் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2005 இறுதியில்தான் நின்றது. துங்கா, பத்ரா, நேத்ராவதி என்று மூன்று ஆறுகள் பிறக்கும் மலை இது. சுரங்கக் கழிவு இன்றும் லக்யா அணைக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கிறது. அரசு நிறுவனம் பல பத்தாண்டுகள் செய்ததை விட்டுவிட்டு, ஒரு ராத்திரி தங்க வந்தவனைப் பிடிப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுரங்கத்தை நிறுத்தியதும் இதே வனச் சட்டங்களின் பலத்தில்தான். நமக்கு வசதியான இடத்தில் மட்டும் அதைத் தளர்த்தச் சொல்ல முடியாது.

முழுக்கக் கதவடைப்பதும் தீர்வு இல்லை. உத்தராகண்டின் நந்தா தேவிப் பூங்கா, மலையேற்றக் குழுக்களின் குப்பையாலும் விறகு வெட்டலாலும் சீரழிந்ததால் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. காடு மீண்டது. ஆனால் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பிழைத்த லாத்தா, ரெனி கிராமத்து மக்களின் வருமானம் போனது. ரெனி என்பது 1974 சிப்கோ போராட்டத்தில் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய ஊர். காட்டைக் காத்தவர்களுக்கே காடு மூடப்பட்டது. அதே மாநிலத்தில் 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் 'புக்யால்' எனப்படும் உயரப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்து, 200 பேர் வரம்பும் வைத்தது.

அப்போ எங்கேதான் டென்ட் போடலாம்?

இடம் இருக்கிறது. இமாச்சலின் கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவில் அனுமதிச் சீட்டோடு, குறிப்பிட்ட முகாம் இடங்களில் பல நாள் தங்கி நடக்கலாம். சிக்கிமின் காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா இன்னும் நல்ல உதாரணம். கோச்சாலா பாதையில் இரவு முகாம்கள் உண்டு. விறகு எரிக்கக் கூடாது, எரிபொருளைச் சுமந்துதான் போக வேண்டும். யுக்சோம் கிராமத்தில் உள்ளூர்க்காரர்களே 1996-ல் தொடங்கிய ஒரு பாதுகாப்புக் குழு இருக்கிறது. மேலே கொண்டுபோகும் பாக்கெட், பாட்டில்களைப் பட்டியல் எடுத்து, இறங்கும்போது சரிபார்க்கும் முறை அங்கே இருக்கிறது. மேகி கவர் எண்ணிக்கை குறைந்தால் கேள்வி வரும். ஆள் வைத்துப் பார்க்கிறார்கள், அந்த வேலை ஊர்க்காரர்களிடமே இருக்கிறது. அதனால் அங்கே இரவைத் திறந்துவிட முடிகிறது. குதிரேமுக்கில் அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் நானே முதல் ஆளாக டென்ட் தூக்கிக்கொண்டு போவேன்.

அதுவரை, பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். டென்ட் நிற்கப்போகும் நிலம் யாருடையது, பட்டாவா காடா? வனத்துறை முன்பதிவுச் சீட்டு என் பெயரிலும் என் அடையாள அட்டை எண்ணிலும் இருக்கிறதா, அதன் பிடிஎஃப்பைக் கிளம்பும் முன் அனுப்புவீர்களா? சீட்டில் உள்ள கட்டணம் எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு?

ஒழுங்காக நடத்துபவர்கள் ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பிவிடுவார்கள். "அதெல்லாம் செக்போஸ்ட்ல நாங்க பேசிக்கிறோம் ப்ரோ" என்று வந்தால், உங்கள் பெயரில் சீட்டு இல்லை என்று அர்த்தம்.