அம்மா எழுதச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பார்கள். பேரப்பிள்ளை பிறந்ததற்கு, மகள் பரீட்சையில் தேறியதற்கு, வெளிநாடு போன மகன் சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததற்கு என்று வரும். பாதிக் கவர்களில் 'சகல நன்மைகளுக்காகவும்' என்று மட்டும் இருக்கும். போன மாதம் அம்மா தன் கவரைக் கொண்டுவந்து என்னை எழுதச் சொன்னாள். "சும்மா சகல நன்மைன்னு எழுதிராத ட்டி. கண்ணு தெரிஞ்சதுக்குன்னு எழுது. ஆபரேஷன் செஞ்ச டாக்டரம்மாவ எழுது. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போச்சே ஒரு பிள்ள, அதையும் எழுது."

அம்மா கேட்டது வேதத்தில் உள்ள வழக்கம்தான். 136-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். கர்த்தரைத் துதிக்கச் சொல்வதோடு அது நின்றுவிடவில்லை. வானம், சூரியன், சந்திரன், செங்கடல், வனாந்தர வழி என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. எதிர்த்து வந்த இரண்டு ராஜாக்களைக்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 26 வசனங்களிலும் ஒரே பல்லவி. சாமுவேல் தீர்க்கதரிசியும் உதவி கிடைத்த இடத்திலேயே, மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவில் ஒரு கல்லை நிறுத்தி, அதற்கு எபெனேசர் என்று பேரிட்டார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வீட்டு முகப்பிலும் கடைப் பலகையிலும் அந்தப் பெயரை இன்றும் பார்க்கலாம்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. விடிந்ததும் பெரிய எழுத்து வேதாகமத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் அதையும் விட்டுவிட்டாள். மனப்பாடமாய்த் தெரிந்த சங்கீதங்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கேட்டால், "தெரிஞ்சது போதும்" என்பாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு வந்த சில நாளில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் வெள்ளைச் சேலையைப் பார்த்து அம்மா திகைத்து நின்றாள். "இம்புட்டு நீலமாவா உடுத்திக்கிட்டிருந்தேன்?" புரை முற்றிய கண்ணுக்கு எல்லாமே மஞ்சள் பூத்துத்தான் தெரியுமாம். சேலை பழுத்துவிட்டதென்று நினைத்து, ஒவ்வொரு சலவைக்கும் சொட்டு நீலத்தைக் கூடக் கூட விட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வேதாகமத்தைக் கேட்டாள். சங்கீதத்தைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் திறந்தது நாளாகமம் முதலாம் புஸ்தகத்தை. நம்மில் பலர் தாண்டிப்போகும் வம்ச அட்டவணை அது. ஆதாம், சேத், ஏனோஸ் என்று விரல் வைத்து, ஒவ்வொரு பேராக, சத்தமாக வாசித்தாள். மனப்பாடமாய்த் தெரியாத இடமாகப் பார்த்து எடுத்தாளாம். நான் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மாவின் கண்ணுக்குள் இருக்கும் அந்தச் சின்ன லென்ஸ் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில், உடைந்த விமான மூடியின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தங்கியிருந்தன. கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டிருப்பதை ஹரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவரின் கண்ணில் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் பல வருஷம் அவரை எதிர்த்தார்கள். மயிலாப்பூரில் நாம் நினைவுகூரும் அதே தோமா அப்போஸ்தலரின் பெயர் கொண்ட மருத்துவமனை அது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அந்த லென்ஸ் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது மதுரையால். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தவர். அரசு வேலையில் ஓய்வுபெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்கள் ஆரம்பித்த ஆரோலேப், இறக்குமதியில் எட்டாத விலைக்கு விற்ற லென்ஸை இங்கேயே செய்து அதன் விலையை இறக்கியது. அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளையைப் போன்றவர்கள், பள்ளிப் படிப்பை முடித்ததும் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். பெத்சாயிதாவில் இயேசுவும் அந்தக் குருடனைக் கையைப் பிடித்துத்தான் ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். மாற்கு அந்தக் கையை விடாமல் எழுதிவைத்திருக்கிறார்.

டாக்டர் வெங்கடசாமி ஸ்ரீ அரவிந்தரைக் குருவாகக் கொண்டவர். மருத்துவமனைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். இதை நான் சொன்னபோது ஜெபக்குழுவில் ஒரு அக்காவுக்கு முகம் மாறியது. நன்மையெல்லாம் என் பிதாவிடமிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை யார் கையில் கொடுத்தனுப்புவது என்பது அவருடைய இஷ்டம். சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்தவன் ஒரு சமாரியன் என்று அடிக்கடி பிரசங்கம் கேட்கிறோமே!

சாட்சி சொல்லும்போது 'டாக்டர் கைவிட்டார், ஆண்டவர் கைவிடவில்லை' என்று ஒரு பேச்சு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சிலருக்கு அப்படி நடந்திருக்கலாம். எங்களுக்கு டாக்டர் கைவிடவில்லை, நர்ஸ் கைவிடவில்லை, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த கல்லூரிப் பையன் கைவிடவில்லை. இவர்களை மறைத்துவிட்டு ஆண்டவரை மட்டும் உயர்த்தினால் அவருக்கு மகிமை கூடும் என்று நான் நம்பவில்லை. பிறவிக்குருடனின் கண்ணில் பூச அவரே மண்ணைத்தானே குழைத்தார்!

இந்த வருஷம் இன்னும் எவ்வளவோ. பிணங்கியிருந்த தம்பி குடும்பம் ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தது. தம்பி மனைவி என் அடுக்களையில் பழையபடி நின்று மீன் குழம்பு கூட்டினாள். கிணற்றில் தண்ணீர் கோடையிலும் வற்றவில்லை. பக்கத்து வீட்டு மதினி, நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எங்கள் மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பால் கறந்து கொடுத்தார்கள். கவரில் இதற்கெல்லாம் இடம் இல்லாததால் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுத்தேன். எங்கள் சேகரத்து ஐயர் ஒரு வரி விடாமல் வாசித்தார். மதினி அன்றைக்குக் கோவிலுக்கு வந்திருந்தார்கள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அது நல்லபடியாய் முடிந்தால் அறுப்பின் பண்டிகைக்கு நம் கருப்புக் கடாவைக் கொடுக்கிறேன் என்று அம்மா பொருத்தனை செய்திருக்கிறாள். ஏலத்தில் அதை எடுக்க மதினி வீட்டு அண்ணன் இப்போதே கண் வைத்திருக்கிறார். ஜெபிக்கிறவர்கள் அம்மாவையும் அந்த டாக்டரம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.